மொறிஸ் மைனர் பிக்கப்: கபினுக்குள் லைற் வயறிங், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் நிற்பது 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப். அப்பா புகையிலையும் வெங்காயமும் ஏற்றிய வண்டி. மைனர் கார் 1948இல் வந்தது. பிக்கப்பும் வானும் 1953இல் வந்தன. காருக்கு உடலே சட்டகம். பிக்கப்புக்கு அடியில் தனிச் சட்டகம் உண்டு. முன் கபினும் டாஷ்போட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி மைனர் காருக்கும் பொருந்தும்.

வண்டியைத் திருத்தி ஓடத் தொடங்கிய பிறகு, ஊரிலும் வெளியூரிலும் மைனர் வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஹெட்லைற் பற்றி அல்ல. கபினுக்குள் எரியும் சின்ன லைற்றுகள் பற்றித்தான். ஸ்பீடோமீற்றர் வெளிச்சம், எச்சரிக்கை லைற்றுகள், கூரை லைற், கதவு சுவிச் ஆகியவை பற்றிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ஸ்பீடோமீற்றர் லைற் மங்கலாக எரிகிறது. புது பல்ப் போட்டும் அப்படியே. வயரை மாற்ற வேண்டுமா?

அனேகமாகத் தேவையில்லை. முதலில் ஏர்த்தை, அதாவது மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் பாதையைப் பாருங்கள். அதிகம் பேர் கேட்பது இந்தக் கேள்விதான், அதிகம் பேர் காசை வீணாக்குவதும் இதில்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பீடோமீற்றருக்குப் பின்னால் செருகியிருக்கும் பல்ப் 12 வோல்ற், 2.2 வாற். அது இழுக்கும் மின்னோட்டம் 0.18 அம்பியர். சாதாரண 1 சதுர மி.மீ. செப்பு வயரில் மூன்று மீற்றர் தூரம் ஓடினாலும் இவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கு இழப்பு ஒரு வோல்ற்றில் நூறில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதாவது வயர் மெல்லியது என்பதால் இந்த லைற் மங்குவதில்லை. வெளிச்சத்தைத் தின்பது கறள்.

பல்ப் ஹோல்டருக்குப் போவது ஒரு வயர்தான். திரும்பி வரும் பாதை ஹோல்டரின் தகரம், ஸ்பீடோமீற்றரின் கூடு, டாஷ்போட், கபின், அங்கிருந்து பற்றரி. இந்தப் பாதையில் எங்காவது பெயின்ற் இருந்தாலோ, பச்சை பூத்திருந்தாலோ, கறள் இருந்தாலோ மின்சாரம் அங்கே முட்டி நிற்கும். கடற்காற்று படும் இடத்தில் அறுபது வருடம் நின்ற வண்டியில் கறள் இல்லாத மூட்டு எது?

சோதிப்பது சுலபம். மல்ரிமீற்றரை 20 வோல்ற் டிசியில் வையுங்கள். லைற்றை எரியவிட்டு, ஒரு முனையை பல்ப் ஹோல்டரின் தகரத்திலும் மறுமுனையை ஏர்த் வயர் பிடித்திருக்கும் பற்றரிக் கொம்பிலும் தொடுங்கள். 0.2 வோல்ற்றுக்குள் இருந்தால் ஏர்த் நல்லது. என் வண்டியில் 3.1 வோல்ற் காட்டியது. பற்றரியில் 12.2 இருந்தது, பல்புக்குக் கிடைத்ததோ 9 சொச்சம்தான். இழை பல்பின் வெளிச்சம் வோல்ற்றோடு சமமாகக் குறைவதில்லை, பல மடங்கு வேகமாக விழும். 12இலிருந்து 10க்கு இறங்கினாலே வெளிச்சம் பாதிக்குக் கிட்ட வந்துவிடும். 9இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். நான் அதற்குள் நான்கு பல்ப் வாங்கி மாற்றியிருந்தேன்.

திருத்துவதும் சுலபம். ஹோல்டரைக் கழற்றி, அதன் தகர விளிம்பையும் அது செருகும் துளையின் விளிம்பையும் மெல்லிய சாண்ட்பேப்பரால் பளிச்சென்று வரும்வரை தேயுங்கள். பல்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டையும் ஒருமுறை தேயுங்கள். மெல்லிதாக வசலின் பூசினால் மறுபடி பூக்காது. பிறகு ஸ்பீடோமீற்றரின் கூட்டிலிருந்து கறுப்பு வயர் ஒன்றைக் கபினில் பெயின்ற் சுரண்டிய இடத்துக்கு, பல்லு வொஷர் வைத்து இறுக்குங்கள். மூன்று பியூஸ் விலைக்குள் முடியும் வேலை.

இன்னொரு அறிகுறியும் உண்டு. பழைய வகைப் பெற்றோல் மீற்றர் உள்ள வண்டிகளில், டாஷ் லைற்றைப் போட்டவுடன் பெற்றோல் முள் கொஞ்சம் அசைந்தால் அது ஏர்த் கோளாறு. இரண்டும் ஒரே கூட்டில் இருந்து ஒரே ஏர்த்தைப் பங்கிடுகின்றன. முள் அசைகிறது என்று ராங்கைக் கழற்றப் போகாதீர்கள்.

‘பொசிற்றிவ் ஏர்த்’ என்கிறார்களே, அது என்ன?

இன்றைய வாகனங்களில் பற்றரியின் நெகற்றிவ் கொம்பு உடலோடு இணைந்திருக்கும். மைனரில் மறுபக்கம்: பொசிற்றிவ் கொம்புதான் உடலோடு இணைந்திருக்கும். அந்தக் காலத்துப் பிரித்தானிய வாகனங்களில் இது வழமை. மைனர் கடைசிவரை அப்படித்தான் வந்தது.

சாதாரண இழை பல்புக்கு எந்தப் பக்கமென்றாலும் ஒன்றுதான். சுவிச்சுக்கும் பியூசுக்கும் அப்படியே. எல்ஈடி, றேடியோ, போன் சார்ஜர், ஒல்ரநேற்றர் போன்றவற்றுக்குத்தான் பக்கம் மாறினால் உயிர் போகும்.

ஒரு முக்கியமான பழக்கத்தை இங்கே மாற்றவேண்டும். வேலை தொடங்கமுன் பற்றரியைக் கழற்றும்போது எல்லாரும் கைப்பழக்கத்தில் நெகற்றிவை முதலில் கழற்றுவார்கள். மைனரில் அது உயிருள்ள, அதாவது உடலோடு இணையாத பக்கம். ஸ்பானர் தவறி பொனற்றிலோ கபினிலோ முட்டினால் பெரிய தீப்பொறி பறக்கும். முதலில் கழற்றவேண்டியது உடலோடு போகும் வயர், அதாவது பொசிற்றிவ். திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். உங்கள் வண்டியை யாராவது முன்பே நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றியிருக்கலாம். கடதாசியை நம்பாமல், பற்றரியிலிருந்து உடலுக்குப் போகும் வயரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முழு வயறிங்கையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவது நல்லதில்லையா?

வயரின் மேல்தோல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய மைனரில் றப்பர் தோலுக்கு மேல் பருத்தி நூல் பின்னிய வயர் இருக்கும். இரண்டு விரலால் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். தோல் பொடியாக உதிர்ந்து செம்பு தெரிந்தால் அந்தக் கட்டு முழுதும் போகவேண்டியதுதான், அதில் இரக்கம் பார்க்கக்கூடாது. வளைந்து நிமிர்ந்தால் வைத்திருங்கள்.

என் வண்டியில் மூலக் கட்டு முக்கால்வாசி நன்றாகவே இருந்தது. கெட்டது இடையில் மனிதர் கை வைத்த இடங்கள். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி இது. பற்றரி, பல்ப், வயர் எதையும் கடையில் போய் வாங்கமுடியாது. அப்பா கையில் கிடைத்ததை வைத்து ஓடவைத்தார். ஸ்பீடோமீற்றரைக் கழற்றியபோது பின்னால் வீட்டு வயறிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் இருந்தது. அதன் முனையில் சைக்கிள் டைனமோ லைற்றின் பல்ப் இரண்டு. மைனர் டாஷ் பல்புக்கும் சைக்கிள் பல்புக்கும் திருகு ஒரே அளவு. ஆனால் சைக்கிள் பல்ப் 6 வோல்ற். தனியே போட்டால் அந்தக் கணமே போய்விடும். அதனால் இரண்டையும் தொடராக இணைத்து, முதல் ஹோல்டரை உடலில் முட்டாமல் சைக்கிள் ரியூப் துண்டால் சுற்றியிருந்தார். இரண்டும் ஒரே வாற் என்பதால் வோல்ற் சரிபாதியாகப் பிரிந்து எரிந்திருக்கிறது. அந்த இரண்டு பல்பையும் றப்பர் துண்டோடு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகவே என் ஆலோசனை: முதலில் இடையில் சேர்த்த வயர்களை அடையாளம் கண்டு எடுங்கள். மிச்சத்தை வளைத்துப் பார்த்து முடிவெடுங்கள். எதைக் கழற்றினாலும் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டி, போனில் படமும் எடுத்த பிறகே கழற்றுங்கள்.

வயர் நிறங்கள் எதைக் குறிக்கின்றன?

அந்தக் காலத்துப் பிரித்தானிய வாகனங்களுக்கு மின்பொருட்கள் செய்த லூகாஸ் கம்பனியின் நிறமுறை. கபினுக்குள் உங்களுக்குத் தேவைப்படுவது இவ்வளவுதான். மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது, பியூஸ் இல்லாதது. வெள்ளை இக்னிஷன் திறந்த பிறகு உயிர் பெறுவது. பச்சை அதே இக்னிஷன் மின்சாரம், ஆனால் பியூசுக்குப் பின்னால். நாவல் நிறம் எப்போதும் உயிருள்ளது, பியூசுக்குப் பின்னால். சிவப்பு பார்க் லைற்றுக்கும் பின் லைற்றுக்கும் போவது. சிவப்பில் வெள்ளைக் கோடு டாஷ் லைற். நாவலில் வெள்ளைக் கோடு கூரை லைற்றிலிருந்து கதவு சுவிச்சுக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு ஹெட்லைற் உயர்வெளிச்சம். ஸ்பீடோமீற்றரில் அதைக் காட்டும் சின்ன லைற்றுக்கும் அதே நிறம். கறுப்பு ஏர்த்.

நூல் பின்னிய பழைய வயரில் நிறம் எல்லாம் ஒரே அழுக்குச் சாம்பலாகத் தெரியும். முனையில் உள்ள இணைப்பைக் கழற்றி, இரண்டு அங்குலம் உள்ளுக்குத் தள்ளிப் பாருங்கள். வெளிச்சம் படாத இடத்தில் நிறம் அப்படியே இருக்கும். ஈரத்துணியால் துடைத்தாலும் கொஞ்சம் தெரியும். அதற்கும் மேல் சந்தேகமென்றால் மல்ரிமீற்றரால் முனைக்கு முனை தொடர்ச்சி பாருங்கள்.

எந்த பியூஸ் கபின் லைற்றைக் காக்கிறது?

மைனரின் பியூஸ் பெட்டியில் இருப்பது இரண்டே பியூஸ். ஏ1, ஏ2 என்று குறித்த முனைகளுக்கு இடையில் ஒன்று. அது ஹோர்னுக்கும் கூரை லைற்றுக்கும். ஏ3க்கும் ஏ4க்கும் இடையில் மற்றது. அது வைப்பர், பிரேக் லைற், பெற்றோல் மீற்றர் வகையறாவுக்கு. பார்க் லைற்றுக்கும், அதிலிருந்து கிளை பிரியும் டாஷ் லைற்றுக்கும் பியூசே கிடையாது. இதை மறக்காதீர்கள்.

எனக்கு இதை வல்லைவெளி கற்றுத் தந்தது. பருத்தித்துறையிலிருந்து இரவு திரும்பி வந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வெளி, ஒரு வீடு கிடையாது. முதலில் றப்பர் எரியும் மணம். பிறகு ஸ்பீடோமீற்றருக்குக் கீழே நூல் மாதிரி வெள்ளைப் புகை. எஞ்சினை நிற்பாட்டினேன், புகை நிற்கவில்லை. லைற் சுவிச்சை இழுத்துத் தள்ளினேன், அப்போதும் கொஞ்சம் புகைந்தது. பொனற்றைத் திறந்து பற்றரி வயரைக் கையால் திருகி இழுத்த பிறகுதான் அடங்கியது. காலையில் பார்த்தால், சிவப்பு-வெள்ளை வயர் டாஷ்போட்டுக்குக் கீழுள்ள தகர விளிம்பில் வருடக்கணக்காக உரசி, தோல் போய் உடலில் முட்டியிருக்கிறது. பியூஸ் இல்லாததால் பற்றரி முழு வேகத்தில் அந்த மெல்லிய வயருக்குள் பாய்ந்திருக்கிறது. பக்கத்தில் போன மண்ணிற வயரின் தோலும் ஒரு சாண் நீளத்துக்கு உருகி ஒட்டியிருந்தது.

கபினுக்குள் வேறு எதையும் தொடாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். டாஷ் லைற் சுவிச்சுக்குப் போகும் வயரில் 2 அம்பியர் இன்லைன் பியூஸ். பார்க் லைற் வயரில் 5 அம்பியர். தகரத் துளை வழியே வயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் றப்பர் வளையம்.

இன்னொன்று: பெட்டியில் 35 அம்பியர் என்று எழுதியிருக்கும். லூகாஸ் கண்ணாடி பியூசில் அந்த எண் எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதி, சுமார் 17. இன்றைய பியூசில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. ஆகவே கடையில் இன்றைய 35 அம்பியர் பியூஸ் வாங்கிப் போட்டால், மூலத்தைவிட இரண்டு மடங்கு விட்டுக்கொடுக்கும் பியூஸ் போட்டவராவீர்கள். 15 அல்லது 20 போதும்.

என் பிக்கப்பில் கூரை லைற் இல்லை. பூட்டலாமா?

பூட்டலாம், நானும் பூட்டினேன். இரவில் கயிறு தேடவும் றசீது எழுதவும் கபினுக்குள் லைற் இல்லாமல் முடியாது.

பியூஸ் பெட்டியின் ஏ2 முனையிலிருந்து நாவல் நிற வயர் ஒன்றை எடுத்து, அதில் 2 அம்பியர் பியூஸ் வைத்து, முன்கண்ணாடித் தூணின் உள்பக்கமாக மேலே கொண்டுபோங்கள். கூரை லைற்றுக்கு இரண்டு பக்கமும் கூம்பு மூடி உள்ள 6 வாற் குழாய் பல்ப் சரியாக இருக்கும். லைற்றின் மறுமுனையிலிருந்து நாவல்-வெள்ளை வயர் கீழே இறங்கி இரண்டு கதவு சுவிச்சுக்கும் போகவேண்டும். கதவு சுவிச் என்பது ஏர்த்தைத் தொடுத்துவிடும் பொத்தான்தான். கதவு திறந்தால் பொத்தான் வெளியே வந்து வயரை உடலோடு இணைக்கும், லைற் எரியும். அதனால் சுவிச்சுக்கு ஒரே ஒரு வயர். அதன் ஏர்த், அதைப் பிடித்திருக்கும் திருகாணி. அங்கே பெயின்ற் இருந்தால் லைற் எரியாது, மேலே முதற் கேள்வியில் சொன்ன கதைதான்.

கதவைத் திறக்காமல் லைற் போடவேண்டுமென்றால், சுவிச் உள்ள லைற்றாக வாங்கி அந்த சுவிச்சை நாவல்-வெள்ளை வயருக்கும் உடலுக்கும் இடையில் வையுங்கள். வயரைத் தூணுக்குள் விடும்போது முதலில் மெல்லிய இரும்புக் கம்பியை மேலிருந்து கீழே விட்டு, அதில் வயரைக் கட்டி இழுங்கள். வயரைத் தனியே தள்ளினால் பாதியில் மடிந்து நிற்கும். பின்னாளில் இன்னொன்று தேவைப்பட்டால் இழுப்பதற்கு ஒரு நைலோன் நூலையும் கூடவே விட்டுவையுங்கள்.

எல்ஈடி பல்ப் போடலாமா?

டாஷ் லைற்றுக்கும் கூரை லைற்றுக்கும் போடலாம். எச்சரிக்கை லைற்றுக்குப் போடாதீர்கள்.

கடையில் கிடைக்கும் திருகு எல்ஈடி பெரும்பாலும் நடுப்பொட்டு பொசிற்றிவ் என்று நினைத்துச் செய்தது. பொசிற்றிவ் ஏர்த் வண்டியில் நடுப்பொட்டு நெகற்றிவ். திருகினால் எரியாது, பழுது என்று திருப்பிக் கொடுப்பீர்கள். இரண்டு பக்கமும் வேலை செய்யும் எல்ஈடி என்று கேட்டு வாங்குங்கள். கூரையில் போடும் குழாய் வகைக்கு இந்தப் பிரச்சினை இல்லை, எரியாவிட்டால் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் சரி. இன்னொரு சங்கதி: ஸ்பீடோமீற்றருக்குள் பல்பின் பக்கவாட்டு வெளிச்சம்தான் எழுத்துகளில் விழுகிறது. நுனியில் மட்டும் எரியும் எல்ஈடி போட்டால் நடுவில் ஒரு புள்ளி பளிச்சென்றும் ஓரம் இருட்டாகவும் இருக்கும். சுற்றிவர எரியும் வகையைத் தேடுங்கள். நிறம் மஞ்சள் கலந்த வெள்ளை. நீலம் கலந்த வெள்ளை இரவில் கண்ணைக் குத்தும், அந்த முகப்புக்கும் பொருந்தாது.

பற்றரி மிச்சமாகும் என்ற எண்ணத்தில் மாற்றவேண்டாம். டாஷில் இரண்டு பல்ப் சேர்ந்தே அரை அம்பியர் இல்லை. எஞ்சினோடு சுழன்று பற்றரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோவோ 19 அல்லது 22 அம்பியர் தரும். ஏர்த் நன்றாக இருந்தால் 2.2 வாற் இழை பல்பே போதும், அதன் வெளிச்சம் அழகும்கூட.

சிவப்பு இக்னிஷன் லைற்றுக்கு ஏன் போடக்கூடாது?

அந்த லைற்றின் ஒரு முனை இக்னிஷனோடும் மறுமுனை டைனமோவோடும் இருக்கிறது, எதுவும் நேரே உடலில் இல்லை. இரண்டு பக்கத்து வோல்ற் வித்தியாசத்துக்கு ஏற்ப இழை பல்ப் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி அணையும். ஐடிலில் அது அரைகுறையாகச் சிவந்து, அக்சிலறேற்றரை மிதிக்க மறைவதைப் பார்த்தே டைனமோவின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம். எல்ஈடி அந்த நுணுக்கத்தைக் காட்டாது. டைனமோவுக்குப் பதிலாக ஒல்ரநேற்றர் போட்ட வண்டியென்றால் விஷயம் இன்னும் பெரிது: சார்ஜ் தொடங்குவதற்கான ஆரம்ப மின்னோட்டம் அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. எல்ஈடி அதை விடாது, சார்ஜ் தொடங்காமலே போகலாம்.

போன் சார்ஜருக்கு சொக்கற் பூட்டலாமா?

பொசிற்றிவ் ஏர்த் வண்டியில் வேண்டாம் என்பேன். சொக்கற்றின் நடுமுனை பொசிற்றிவ்வாக, வெளிவளையம் நெகற்றிவ்வாக இருக்கவேண்டும். மைனரில் அப்படி வயர் பண்ணினால் வெளிவளையம் உயிருள்ள பக்கமாகிறது. அது டாஷ்போட் தகரத்தில் முட்டினால் ஷோர்ட். பிளாஸ்ரிக் கூட்டில் வைத்துத் தப்பினாலும், சார்ஜர் வயரின் நுனியில் இருக்கும் இரும்பு உறை அதே நெகற்றிவ்வோடு இணைந்தது. போனிலிருந்து கழன்று தொங்கும்போது கியர் தண்டில் தொட்டால் அங்கேயும் ஷோர்ட். பவர் பாங்க் ஒன்று கபினில் வையுங்கள்.

அப்போ நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றிவிட்டால் என்ன?

செய்யலாம், அரை நாள் வேலை. பற்றரியைத் திருப்பி வைக்கவேண்டும். கொம்புகள் ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு என்பதால் பிடிகளையும் மாற்றவேண்டும். இக்னிஷன் கொயிலின் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றவேண்டும். டைனமோவுக்குப் புதுப் பக்கம் பழக்கவேண்டும்: அதில் எஃப் என்று குறித்த முனையிலுள்ள வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் உயிருள்ள கொம்பிலிருந்து ஒரு வயரால் எஃப் முனையை இரண்டு மூன்று தரம் தொட்டு எடுத்தால் போதும், சின்னப் பொறி வரும். செல்ஃப் மோட்டருக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. பெற்றோல் பம்ப் எலக்றோனிக் வகையோ, உள்ளே டயோட் உள்ளதோ என்று பார்க்காமல் பற்றரியைப் பூட்டவேண்டாம். பழைய றேடியோ இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

ஆனால் கபின் லைற்றுக்காக மட்டும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றினால் பொனற்றுக்குள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அடுத்துக் கை வைப்பவர் பழைய நினைப்பில் வேலை செய்வார்.

எந்த வயர் வாங்குவது?

வாகனத்துக்கென்று செய்த, பல மெல்லிய இழைகள் உள்ள வயர். 0.30 மி.மீ. இழை 14 உள்ள வயர் 8.75 அம்பியர் தாங்கும்; கபின் லைற் எல்லாவற்றுக்கும் அது தாராளம். பியூஸ் பெட்டிக்கு வரும் வயரை மாற்றினால் 28 இழை, 17.5 அம்பியர், அல்லது அதற்கும் மேல். வீட்டு வயறிங்கின் ஒற்றைக் கம்பி வேண்டவே வேண்டாம். அதிர்வில் வளைந்து வளைந்து, தோலுக்குள்ளேயே முறிந்து நிற்கும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், பள்ளத்தில் விழும்போது மட்டும் லைற் போய்ப்போய் வரும்.

முறுக்கி ரேப் சுற்றினால் போதாதா?

போதாது. எங்கள் வெக்கைக்கு ரேப்பின் பசை இளகி ஒரு வருடத்தில் தானே அவிழும். மைனரில் மூலமாக இருப்பது குண்டு வடிவப் பித்தளை முனையும் அதைச் செருகும் கறுப்பு றப்பர் உறையும். அதே வகை இன்றும் கிடைக்கிறது. முனையை நசுக்கிப் பிடிப்பதென்றால் அதற்குரிய குறடால் நசுக்குங்கள், சாதாரணக் குறடு வேண்டாம். ஈயம் பற்றவைப்பதென்றால் துளைக்குள் மட்டும் விடுங்கள். ஈயம் வயருக்குள் ஏறி இழைகளை விறைக்கவைத்தால், விறைத்த இடம் முடியும் ஓரத்தில் முறியும். பழைய றப்பர் உறைக்குள் இருக்கும் தகரக் குழலிலும் கறள் இருக்கும். அதைச் சுத்தம் பண்ணிப் பயனில்லை, புதிதாகப் போடுங்கள்.

ஸ்பீடோமீற்றரைக் கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முன்பக்கம் இழுக்கமுன் பின்னால் கையை விட்டு ஸ்பீடோ கேபிளின் திருகு வளையத்தைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் இழுக்கும் இழுப்பில் கேபிள் மடங்கும், பிறகு முள் நடுங்கிக்கொண்டே இருக்கும். பல்ப் ஹோல்டர்களை வயரைப் பிடித்து இழுக்கவேண்டாம்.

எல்லாம் பூட்டியாயிற்று. பற்றரியைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

பயப்படுவது நல்லது, நேரே கொடுக்காதீர்கள். ஒரு 21 வாற் பிரேக் லைற் பல்பை எடுத்து இரண்டு வயர் பற்றவையுங்கள். நெகற்றிவ்வைப் பூட்டிவிட்டு, பொசிற்றிவ் கொம்புக்கும் கழற்றி வைத்திருக்கும் ஏர்த் வயருக்கும் நடுவில் அந்த பல்பை வையுங்கள். வண்டிக்குப் போகும் மின்சாரம் முழுதும் இப்போது அதற்குள்ளால்தான் போகும். எங்காவது ஷோர்ட் இருந்தால் பிரேக் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், வேறு எதுவும் எரியாது, வயரும் தப்பும். எல்லா சுவிச்சும் மூடி, கதவும் மூடியிருக்கும்போது அது இருட்டாக இருக்கவேண்டும்.

பிறகு கதவைத் திறங்கள். கூரை லைற்றின் தடை பிரேக் பல்பைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், மேலே கூரை லைற் கிட்டத்தட்ட முழுதாக எரியும், கையில் இருக்கும் பல்ப் எரியாது. கதவை மூடினால் இரண்டும் அணையவேண்டும். இரண்டு கதவுக்கும் தனித்தனியே பாருங்கள். எங்கள் வண்டியில் இடது கதவுக்கு லைற் வரவில்லை. சுவிச்சின் திருகாணிக்குக் கீழே நானே பூசிய புதுப் பெயின்ற் இருந்தது. சுரண்டி இறுக்கினேன், எரிந்தது. அதன் பிறகு பிரேக் பல்பை எடுத்துவிட்டு ஏர்த் வயரை நேரே பூட்டி, வண்டியை அரை மணித்தியாலம் முற்றத்தில் ஓடவிட்டு, டாஷ்போட்டுக்குக் கீழே கையை விட்டு ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் சுடவில்லை.